சாப்பிடுவது ஒரு வேலையா? – கடிதம்

வணக்கமுங்க,

உங்கள் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். என் மகள் படிப்பு முடித்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை என்கிறாள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுவதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? உடம்பு என்னத்துக்கு ஆகும்? கடைக்காரர் இலவசமாகப் போட்டால் உள்ளதை உள்ளபடி எழுத முடியுமா? பயமாக இருக்கிறதுங்க.

– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மா,

வேலைதான். ஆனால் அதில் சாப்பிடுவது கொஞ்சம். காத்திருப்பதும் கேட்பதும்தான் அதிகம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கவுந்தப்பாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் நாட்டுச்சர்க்கரை போகிறது. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் அதன் ருசியை எழுதினார்கள். சர்க்கரையை எழுத வேண்டுமென்றால் விடியும் முன்பே கரும்பாலைக்குப் போய் நிற்க வேண்டும். சக்கையை எரித்துத்தான் கொப்பரையைக் காய்ச்சுவார்கள். சாறு கொதித்து அழுக்கு மேலே திரளத் திரள அள்ளி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதம் பார்ப்பவர் பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். அந்த நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பாகை இறக்கிக் கொட்டி, மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து அது பொலபொலவென்று உதிரும்போதுதான் மூச்சு விடுவார்கள். அப்புறம் கேட்டால் எல்லாம் சொல்வார்கள்: பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்கிற வெளுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கிற பழக்கம் ஏன் வந்தது, கறுத்த சர்க்கரைக்கு ஏன் விலை கிடைப்பதில்லை என்பது வரை. நிறம் பார்த்து வாங்குகிற நம் கையில்தான் அது இருக்கிறது. இதையெல்லாம் எழுதாமல் 'அருமையான இனிப்பு' என்று எழுதி என்ன பயன்?

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். வெளியில் ருசி பார்க்கும் அளவுக்குத்தான் சாப்பிடுவேன். வீட்டில் இருக்கும் நாட்களில் கொள்ளு ரசமும் அரிசிம்பருப்புச் சாதமும்தான். அலைச்சல்தான் உடம்பை வாங்கும், சாப்பாடு அல்ல.

காசு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கச் சொல்லுங்கள். பில்லைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இன்னார் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டும் போகக் கூடாது. ஓசிச் சாப்பாடு சாப்பிட்டால் உப்புக் கூடியதை எழுதக் கை வராது. வருமானம் மாதா மாதம் ஒரே சீராக வராது என்பதும் உண்மை. தொடக்கத்தில் வேறொரு வேலையும் கையில் இருக்கட்டும்.

அடுத்த முறை நீங்கள் சந்தகை பிழியும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அரிசி எவ்வளவு நேரம் ஊறியது, மாவை எந்தப் பதத்தில் அரைத்தீர்கள், வெந்ததை ஏன் சூடு ஆறும் முன்பே பிழிகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவளுக்கே பதில் போடுகிறேன்.