நிஜமாகவே நீளும் லைட்சேபரின் கைப்பிடிக்குள் என்ன இருக்கும்?

கேள்வி: பொத்தானை அமுக்கியதும் பிளேடு நிஜமாகவே வெளியே நீளும் ஒரு லைட்சேபரை ('ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் ஒளிவாள்) 2021இல் டிஸ்னி காட்டியதே, அத்தனை நீளப் பிளேடு அந்தக் கைப்பிடிக்குள் எப்படி அடங்குகிறது? அதை ஏன் கடையில் விற்பதில்லை?

வீட்டில் இன்ச் டேப் இருந்தால் எடுத்து ஒரு மீட்டர் வெளியே இழுங்கள். குழிந்த பக்கம் மேலே இருந்தால் விறைப்பாக நிற்கும். அப்படியே கவிழ்த்துப் பிடித்தால் சீக்கிரமே 'டக்'கென்று மடங்கி விழும். இதுபோன்ற இரண்டு பட்டைகளை எதிரெதிராக வைத்துக் குழாய் ஆக்கினால் ஒன்றின் பலவீனத்தை மற்றது தாங்கிக்கொள்ளும். டிஸ்னியின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த லானி ஸ்மூட் பெயரில் 2018இல் வந்த காப்புரிமையின் சாரம் இதுதான்: அரைவட்ட வளைவுள்ள இரண்டு நீளமான பிளாஸ்டிக் பட்டைகள் தட்டையாகி, கைப்பிடிக்குள் சுருண்டு கிடக்கின்றன. மோட்டார் அவற்றை வெளியே தள்ளும்போது பழைய வளைவுக்குத் திரும்பி, நடுவில் வரும் எல்இடி பட்டையைச் சுற்றிக் குழாயாகிவிடுகின்றன.

யோசனை புதிதல்ல. கனடாவின் ஜார்ஜ் க்ளைன் உருவாக்கிய சுருள் ஆன்டெனா 1962இல் அலூவெட் 1 செயற்கைக்கோளில் போனது. அது சுருண்ட நிலையில் விண்ணுக்குப் போய், அங்கே 45 மீட்டருக்கு மேல் விரிந்தது. அந்த எஃகுப் பட்டைக்குப் பதில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை வைத்து, ஒருவர் கையில் பிடித்து வீசும்படி செய்திருப்பதுதான் ஸ்மூட்டின் சாமர்த்தியம்.

இனி வருவது என் கணக்கு.

பிளேடின் விட்டம் 20 மி.மீ., நீளம் 85 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாதியையும் தட்டையாக்கினால் அகலம் சுமார் 31 மி.மீ. வரும். பட்டையின் தடிமன் 0.2 மி.மீ. என்றால், சின்ன அச்சில் சுற்றியதும் சுருளின் விட்டம் ஏறத்தாழ 17 மி.மீ. ஆகும். இரண்டு சுருள்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் 34க்கு 31 மி.மீ. இடம் வேண்டும். அதன் மூலைவிட்டம் 46 மி.மீ.

1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நாயகன் லூக் பிடித்திருந்த கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃபிளாஷின் பேட்டரிக் குழாய். உள்ளே மூன்று டி செல் (டார்ச்சில் போடும் பருமனான பேட்டரி) போடுவதற்காகச் செய்தது, வெளி விட்டமே 38 மி.மீ. சொச்சம்தான். அதனால் அதே அளவு கைப்பிடிக்குள் இந்த அமைப்பு நுழையாது என்றே நினைக்கிறேன். ஒன்று கைப்பிடியைப் பருமனாக்கியிருக்க வேண்டும், இல்லை பிளேடை மெலிதாக்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்திருப்பார்கள்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நடுவில் இருக்கும் ஒளிப்பட்டைதான். கடையில் கிடைக்கும் 'நியோபிக்சல்' சேபர்களில் பிளேடு எங்கேயும் நகர்வதில்லை. பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் மீட்டருக்கு 144 விளக்குகள் கொண்ட பட்டைகள் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு விளக்கிலும் ஒரு குட்டி சிப் உண்டு. விளக்குகள் கீழிருந்து ஒவ்வொன்றாக எரிவதால் பிளேடு நீள்வதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த விளக்குகள் சாதாரணமாக 1.6 மி.மீ. உயரம். அந்தப் பட்டையைச் சுருட்டினால் ஐந்து செ.மீ. விட்டத்துக்கு உருண்டு நிற்கும். மற்ற இரண்டு சுருள்களோடு சேர்த்து அதையும் உள்ளே திணிக்க வழியே இல்லை.

டிஸ்னி சேபருக்கு அந்தத் தந்திரம் தேவையும் இல்லை! பிளேடே நிஜமாக நீள்வதால் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தால் போதும். இன்னும் வெளியே வராதவை கைப்பிடிக்குள் மறைந்துதானே இருக்கின்றன. ஆக சிப் வேண்டாம், தகவல் கம்பி வேண்டாம். ஒரே நிறத்தில் எரியும் மெல்லிய பட்டையும் இரண்டு கம்பிகளும் போதும். சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொண்டுபோக ஸ்லிப் ரிங் (கம்பி முறுக்கிக்கொள்ளாமல் உரசியபடியே மின்சாரம் கடத்தும் வளையம்) வைத்தாலும், இரண்டே இணைப்பு என்பதால் சின்னதாக முடிந்துவிடும்.

அப்புறம் மோட்டார். சுருளின் அச்சை மட்டும் சுற்றிவிட்டால் பட்டை வெளியே போகாது, உள்ளேயே தளர்ந்து ஊதிக்கொள்ளும். கைப்பிடியின் வாய்ப்பகுதியில் பட்டையை அழுத்திப் பிடித்து இழுக்கும் ரோலர்கள் இருக்க வேண்டும், அல்லது சுருளைச் சுற்றி இறுக்கமான உறை. நான் ரோலர் பக்கம்தான். மோட்டாரும் பேட்டரியும் கீழே அடங்கிவிடும். 18650 வகை செல் ஒன்றின் விட்டம் 18 மி.மீ.தான்.

விற்பனை விஷயத்துக்கு வருகிறேன். புளோரிடாவில் 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடப்பட்ட டிஸ்னியின் 'ஸ்டார் வார்ஸ்' ஹோட்டலான கேலக்டிக் ஸ்டார்க்ரூசரில், அந்தப் படங்களின் நாயகி ரே வேடமிட்ட நடிகை கையில் இது இருந்தது. பழகிய கை, ஒத்திகை பார்த்த அசைவு. அதையே பத்து வயதுப் பையனிடம் கொடுத்தால் முதல் வேலையாகத் தம்பி மண்டையில் ஒரு போடு போடுவான். பக்கவாட்டில் அடி விழுந்ததும் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பு விரியும், பட்டை மடங்கும். பிளாஸ்டிக்கில் ஒருமுறை விழுந்த மடிப்பு போகாது. அந்த இடம் ரோலருக்கு வரும்போதெல்லாம் சிக்கும். உள்ளே இழுக்கும்போது விரல் மாட்டுவது வேறு. பொம்மை என்று பெயர் வைத்து இதை விற்க எந்த நிறுவனமும் யோசிக்கும்.

சண்டை போட்டு விளையாட வேண்டும் என்றால் நியோபிக்சல் சேபரே வாங்குங்கள். ஒளி மட்டும்தான் ஏறி இறங்கும், ஆனால் குழாய் அடி தாங்கும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்யூட்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தால், பேட்டரி தேய்ந்த பிறகு அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் ஆகும்.