பாதி வாசித்த நாவலைப் பற்றி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நாங்கள் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, அவரவர் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றிப் பேசுவோம். ஆரம்பத்தில் கலகலப்பாக இருந்தது. கொஞ்ச நாளாக எல்லோரும் பெரிய பெரிய பெயர்களாகவே சொல்கிறார்கள். 'பிரமாதம்', 'கட்டாயம் வாசிக்கணும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போன முறை நான் அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட் கொலை'யைக் கீழே வைக்க மனமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது. துப்பறியும் கதை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், எப்போதோ நிறுத்திவைத்த டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிடித்த நாவலைப் பற்றி எப்படித்தான் பேசுவது? முடிக்காத நாவலைப் பற்றிப் பேசலாமா? கைவிட்ட நாவலைப் பற்றி? அப்புறம், நீங்கள் இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். என்னைக் கேட்டால், முடிக்காத நாவலைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். முடித்தவர் நன்றாக இருந்தது, சுமார், கடைசியில் சொதப்பிவிட்டார் என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பார். நடுவில் இருப்பவரின் நிலைமை வேறு. அவருக்குச் சந்தேகம் இருக்கும், பயம் இருக்கும், ஏதோ ஒரு பாத்திரத்தின் மேல் காரணம் சொல்லத் தெரியாத எரிச்சல் இருக்கும். கடைசிப் பக்கத்தைத் தாண்டியதும் இவையெல்லாம் எங்கே போயின என்றே தெரியாது. 'எனக்கு அப்பவே தெரியும்' என்று சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

உங்கள் கையில் இருந்த நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1926இல் அது வந்தபோது, வாசகரை இப்படி ஏமாற்றலாமா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. அதை முடித்தவர் உங்களிடம் எதுவுமே பேச முடியாது. வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். பாதியில் இருந்த நீங்கள் தாராளமாகப் பேசியிருக்கலாம். யார் மேல் சந்தேகம், யார் சொல்வது பொய் மாதிரி இருக்கிறது, படிப்பறையில் ஒரு நாற்காலி இடம் மாறியிருந்ததைத் துப்பறிவாளர் பொய்ரோ ஏன் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார் என்றெல்லாம். அதை ஏற்கெனவே வாசித்த நண்பர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார். அந்த மாதக் கூட்டம் களைகட்டியிருக்கும். 'போரும் வாழ்வும்' என்று சொன்னதும் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டியிருப்பார்கள், அவ்வளவுதானே?

தொடர்களாக நாவல்கள் வந்த காலத்தில் வாசகர்கள் எல்லோருமே பாதியில்தான் இருந்தார்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தது. அத்தனை நாளும் அதை முடித்தவர் என்று உலகத்தில் யாருமே இல்லை, எழுதியவர் உட்பட. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லவும் இல்லை. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' 1871–72இல் எட்டுப் பகுதிகளாக வந்தது. டொரோத்தியா தன்னைவிட வெகுவாக மூத்த கசாபனைக் கட்டிக்கொண்டது சரிதானா என்று, அடுத்த பகுதி கைக்கு வரும்வரை வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளலாம். இன்று முழுப் புத்தகமாக வாங்கி ஒரே மூச்சில் வாசிக்கும் நமக்கு அந்த இடைவெளி இல்லை. உங்களைப் போன்ற நண்பர் கூட்டம்தான் அதைக் கொஞ்சமாவது உண்டாக்க முடியும்.

சரி, நான் வாசிப்பது. ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டோனர்', 1965இல் வந்த அமெரிக்க நாவல். முதல் பத்தியிலேயே மொத்தக் கதையையும் சொல்லிவிடுகிறார். வில்லியம் ஸ்டோனர் 1910இல், 19 வயதில், மிசௌரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான், அங்கேயே ஆசிரியரானான், உதவிப் பேராசிரியர் என்ற நிலையைத் தாண்டவில்லை, 1956இல் செத்துப்போனான், அவனை நினைவு வைத்திருப்பவர்கள் அதிகம் இல்லை. இதற்கு மேல் எதை வாசிக்க? ஆனால் புத்தகத்தை மூட முடியவில்லை.

அவன் விவசாயம் படிக்க வந்தவன். கட்டாயப் பாடமாக ஓர் இலக்கிய வகுப்பு. ஆர்ச்சர் ஸ்லோன் என்ற ஆசிரியர் ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானெட்டை, பதினான்கு வரிக் கவிதை அது, சொல்லிவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்டோனரைக் கேட்கிறார். 'அதன் அர்த்தம்...' என்று தொடங்குகிறான். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் தொடங்குகிறான், மறுபடியும் நின்றுபோகிறது. சன்னல் வெளிச்சம் மற்ற மாணவர்களின் முகங்களில் விழுந்திருப்பதைப் பார்க்கிறான். மேசையை இறுகப் பற்றியிருந்த விரல்கள் தளர்வதை உணர்கிறான். வகுப்பு முடிந்துவிடுகிறது. அதன்பின் அறிவியல் பாடங்களை விட்டுவிட்டு இலக்கியத்தின் பக்கம் வந்துவிடுகிறான். ஏன் என்று வில்லியம்ஸ் ஒரு வரி விளக்கம்கூடத் தருவதில்லை. வேறொருவர் எழுதியிருந்தால் இந்த இடத்தில் அவனை மூன்று பக்கத்துக்குச் சிந்திக்க வைத்திருப்பார்.

இப்போது, அவன் மனைவி ஈடித் மகளை அவனிடமிருந்து பிரித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் பகுதியில் இருக்கிறேன். ஈடித்தின் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். அதே சமயம், அவள் பக்கத்து நியாயத்தைப் பேச ஆசிரியர் இடமே கொடுக்கவில்லையோ என்ற சந்தேகமும் குடைகிறது. முடித்த பிறகு கேட்டீர்கள் என்றால் வேறு ஏதாவது சொல்வேன்.

இந்த நாவல் முதலில் இரண்டாயிரம் பிரதிகூட விற்கவில்லை. சீக்கிரமே அச்சில் இல்லாமல் போனது. வில்லியம்ஸ் 1994இல் இறந்துவிட்டார். 2006இல் அமெரிக்காவில் மறுபதிப்பு, 2011இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, அதற்குப் பிறகுதான் ஐரோப்பா முழுக்க விற்றுத் தள்ளியது. வாசித்தவர்கள் அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லியே நடந்த காரியம் இது. தமிழில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். 1972இல் வந்தது. அவர் எழுதியதே இரண்டு நாவல்கள். இரண்டாம் உலகப்போர் காலத்து மெடானையும் பினாங்கையும் கதாநாயகன் பாண்டியனோடு சுற்றி வந்தவர்களில் பாதிப்பேர், 'இதை வாசித்துப் பார்' என்று யாரோ கையில் திணித்ததால் உள்ளே போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

கூடவே ஒரு மறுவாசிப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாராசங்கர் பந்தோபாத்யாயின் வங்காள நாவல் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில். நாடியைப் பிடித்துப் பார்த்து, பிழைக்குமா போகுமா என்று சொல்லிவிடும் வயதான வைத்தியர் ஜீவன் மஷாய். சொந்த மகனின் நாடியிலும் மரணத்தையே பார்த்தவர். புதிதாக வந்திருக்கும் இளம் அலோபதி டாக்டர் பிரத்யோத்துக்கு இந்த நாள் குறிக்கும் வேலையே பிடிக்கவில்லை. முதல்முறை வாசித்தபோது நான் முழுக்க மஷாயின் ஆள். இந்தத் தடவை பிரத்யோத் வாதாடும்போதெல்லாம் என்னையறியாமல் 'சரிதானே' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மஷாய் பிடித்துப் பார்க்கும் நாடியைப் போல நாவலும் ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது வேறு மாதிரி துடிக்கிறது போலிருக்கிறது.

எப்படிப் பேசுவது என்ற கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டால், கேட்பவர் 'அப்படியா' என்பதைத் தவிர என்ன சொல்வார்? ஒரு காட்சியைச் சொல்லுங்கள். எந்தப் பாத்திரத்தின் மேல் கோபம் என்று சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் அலுப்புத் தட்டியது என்று சொல்லுங்கள். பிடித்த நாவலில்கூட அலுப்பான பக்கங்கள் இருக்கும். இல்லை என்பவரை நான் நம்புவதில்லை. கதைச்சுருக்கம் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. அது பின்னட்டையிலேயே இருக்கிறது.

கைவிட்ட நாவல்களைப் பற்றியும் கட்டாயம் பேசுங்கள், எங்கே நின்றீர்கள் என்பதோடு. 'போரும் வாழ்வும்' நாவலில் நீங்கள் நின்றது எங்கே? அன்னா பாவ்லோவ்னாவின் மாலை விருந்திலேயே என்றால் ஆச்சரியமில்லை. பாத்திரங்கள் ஐந்நூறுக்கு மேல். அதில் பாதிப்பேர் அந்த முதல் விருந்துக்கே வந்துவிட்டார்களோ என்று தோன்றும். பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்கங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். போர்க்களத்து அத்தியாயங்களில் நின்றீர்கள் என்றால் அது வேறு கதை, அதற்கு மருந்து வேறு.

ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலைப் பாதியில் விட்ட பலர் நிற்கும் இடம் 32ஆம் அத்தியாயம். கப்பல் கிளம்பி, கதை சூடு பிடிக்கும் நேரத்தில், திடீரென்று திமிங்கில வகைகளைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார். அதுவும் புத்தகங்களின் அளவை வைத்து, பெரிய தாள் திமிங்கிலம், சின்னத் தாள் திமிங்கிலம் என்று. எனக்கு அந்தக் குறும்பு பிடிக்கும். பிடிக்காதவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். உங்கள் கூட்டத்தில் ஒருவர் 'நான் திமிங்கிலப் பட்டியலில் நின்றுவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்னால்தான், இன்னொருவர், 'அடடா, இன்னும் நாலே அத்தியாயம். 36இல் கப்பல் தலைவன் ஆகாப் எல்லோரையும் கூட்டிவைத்துத் தங்கக் காசைப் பாய்மரத்தில் ஆணியடித்துப் பதிக்கிறான், அதுவரை பட்டியலைத் தள்ளிவிட்டுப் போ' என்று சொல்ல முடியும்.

அக்ராய்டை யார் கொன்றது என்று இதற்குள் தெரிந்திருக்கும். அதற்கு முன்னால் யாரைச் சந்தேகப்பட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.