ரேட் கம்மின்னா கூட்டம் வந்துடுமா?

கேள்வி: வெளிநாட்டு நோயாளிங்க தேடி வர்ற நாடுன்னு பேர் வாங்கணும்னா, மத்த நாட்டை விட ரேட் கம்மியா இருந்தா போதும்தானே சார்?

பதில்: ரேட்டைப் பாத்து விசாரிப்பாங்க, ஆனா அதை மட்டும் நம்பி யாரும் வயித்தைக் கிழிக்கக் கொடுக்க மாட்டாங்கல்ல? 1997ல தாய்லாந்துப் பணமான பாட்டோட மதிப்பு சடசடன்னு விழுந்துச்சு, கையில காசில்லாம உள்ளூர் ஆளுங்க வர்றது குறைஞ்சதும் பாங்காக்ல பம்ருன்கிராட் மாதிரி தனியார் ஆஸ்பத்திரிங்க வெளிநாட்டுக்காரங்களைக் கூப்பிட ஆரம்பிச்சாங்க, டாலர்ல பாத்தா ரேட்டும் சல்லிசு. சரி, ஆனா அதே நேரத்துல இந்தோனேசியா ரூபியா அதைவிட மோசமா விழுந்துச்சே, அங்க ஏன் யாரும் ஓடலை? இன்னிக்கு வரைக்கும் இந்தோனேசியாக்காரங்களே வைத்தியத்துக்கு மலேசியாவுல பினாங்குக்குத்தானே போறாங்க! இந்தோனேசியாவுல மேடான் ஊர்ல பிளேன் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள இறங்கிடலாம், பாஷை கிட்டத்தட்ட ஒண்ணு, ஹலால் சாப்பாடு கிடைக்கும், டாக்டர் சொல்றது புரியும். இந்தப் புரியுறதுங்கிற விஷயத்துக்கு விளம்பரத்துல யாரும் இடமே கொடுக்கிறதில்ல.

ஜேசிஐன்னு ஆஸ்பத்திரித் தரத்தைப் பாத்து சர்டிபிகேட் கொடுக்கிற அமெரிக்க அமைப்பு ஒண்ணு இருக்கு, அதோட அங்கீகாரத்தைப் பெருசா போர்டு வைப்பாங்க. பம்ருன்கிராட் 2002லயே வாங்கிடுச்சு, ஆசியாவுல அதுதான் முதல். என்னைக் கேட்டா அது ஹால் டிக்கெட் மாதிரிங்க, இல்லைன்னா உள்ள விடமாட்டாங்க, இருக்குங்கறதுக்காக பாஸ்னு அர்த்தமில்ல.

நிறைய நாடு கோட்டை விடுறது ஆபரேஷனுக்கு அப்புறம்தான். ஊருக்குப் போய் பத்து நாள்ல தையல் போட்ட இடத்துல சீழ் வச்சா யாருக்குப் போன் பண்றது, அங்க இருக்கிற டாக்டர் அடுத்தவர் வெட்டினதுல கை வைப்பாரா, கேஸ் போடணும்னா எந்த நாட்டுக் கோர்ட்ல போடுறது? ஹங்கேரியில ஷோப்ரோன் பக்கம் பல் டாக்டருங்க பிழைக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன், ஆஸ்திரியா பார்டர் பக்கத்துலயே இருக்கு, பல்லு மேல மாட்டின கிரவுன் (உறை) ஆடுதுன்னா மறுநாளே கார் எடுத்துட்டுத் திரும்ப வந்து நிக்கலாம்.

கேள்வி: இதுல உள்ளூர் ஜனங்களுக்கு நஷ்டம் இல்லையா?

பதில்: இருக்கு. தாய்லாந்துலயே 2001ல 30 பாட் கொடுத்தா வைத்தியம்னு திட்டம் கொண்டு வந்தாங்க, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில கூட்டம் ஏறுச்சு, அதே சமயம் தனியார்ல வெளிநாட்டுக் கூட்டமும் ஏறுச்சு, ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் படிக்க வச்சு எடுக்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆகும், தனியார்காரன் கூடுதல் சம்பளம் கொடுத்து இழுக்க ஒரு மாசம் போதும்.