எண்டெபேயில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்

சென்னையிலிருந்து அடிஸ் அபாபா வழியாக உகாண்டாவின் விமான நிலையம் இருக்கும் எண்டெபே, இறங்கிய இரவே காரில் வடக்கே உள்ள குலு நகரம், மறுநாள் காலையே பள்ளியில் தன்னார்வப் பணி. இது தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்காது. வழியில் வரும் தலைநகர் கம்பாலாவிலிருந்தே குலு 300 கிலோமீட்டருக்கு மேல். இருட்டில், விளக்கில்லாத லாரிகளுக்கு நடுவே அந்தச் சாலை வேண்டவே வேண்டாம். பொறுப்பாளரிடம் ஒரு நாள் தள்ளிக் கேளுங்கள், கொடுப்பார்கள். பகலில் போனால் கருமா பாலத்தடியில் நைல் நுரைத்து ஓடுவதைப் பார்க்கலாம். அங்கே சாலையோரம் பபூன் குரங்குகள் காத்திருக்கும், வாழைப்பழத்தை ஒளித்துவையுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா? போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அட்டை பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்கட்டும். திரும்பும்போது அது இல்லையென்றால் நம் ஊர் விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம்.

ஒரு செட் துணியும் கைப்பையில் வையுங்கள். என் பெட்டி 2 நாள் கழித்துத்தான் வந்தது, அதுவரை ஒரே சட்டை. அப்புறம், அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு போன் போட்டால் எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.