கேள்வி–பதில்: ஸ்ரெப்ரெனிட்சா புதைகுழிகள்

ஒரே ஆளின் எலும்புகள் மூன்று நான்கு குழிகளில் கிடைத்தன என்கிறார்களே, எப்படி? – வாசகர், தஞ்சாவூர்

1995 ஜூலையில், போஸ்னியப் போரின்போது, ஸ்ரெப்ரெனிட்சா நகரைப் பிடித்த போஸ்னிய செர்பியப் படை சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று பெரிய குழிகளில் தள்ளி மூடியது. விஷயம் வெளியே கசிந்ததும், செப்டம்பர், அக்டோபரில் அதே குழிகளை மண்வாரி இயந்திரத்தால் தோண்டி, லாரிகளில் ஏற்றி, தொலைவில் சின்னக் குழிகளில் கொட்டினார்கள். அழுகிக்கொண்டிருந்த உடல்களை இயந்திர வாளி துண்டாக்கியது. தலை ஒரு லாரியில், கால் இன்னொன்றில்.

ஆனால் மண்ணும் கூடவே போயிற்றே! முதலில் புதைத்த குழிகளில் ஒன்றான கொஸ்லுக் குழி இருந்த இடம், பக்கத்துக் குப்பி ஆலை உடைசல்களைக் கொட்டி வைத்த இடம். அந்தப் பச்சைக் கண்ணாடிச் சில்லுகள் தொலைவில் சான்சாரி சாலையோரம் இருந்த சின்னக் குழிகளிலும் எலும்புகளோடு கிடைத்தன. எங்கிருந்து எங்கே மாற்றினார்கள் என்பது இப்படித்தான் பிடிபட்டது. கை அசைந்தால் தானே சாவி ஏறும் கடிகாரங்களும் உதவின. அசைவு நின்று ஓரிரு நாளில் அவை நின்றுவிடும். காட்டிய கிழமையும் தேதியும், இந்தக் கொலைகளை விசாரித்த ஐ.நா. போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் சான்றாயின.

டி.என்.ஏ. இருக்கும்போது உடை, அடையாள அட்டை பார்த்து நேரத்தை வீணாக்குவானேன்? – வாசகி, மதுரை

உடையை மட்டும் நம்பினால் ஆபத்துதான். போரில் நகரம் முற்றுகையில் இருந்த காலத்தில் நிவாரணத் துணிகளையே பலரும் உடுத்தினார்கள். ஒரே மாதிரிச் சட்டை பலர் உடம்பில். 2001 இறுதியில் டி.என்.ஏ. பொருத்தங்கள் வரத் தொடங்கிய பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. இன்று அடையாளம் தெரிந்தவர்கள் 6,900க்கும் மேல்.

தொடை எலும்பின் கெட்டியான நடுப்பகுதி அல்லது முழுசான கடைவாய்ப் பல், டி.என்.ஏ. எடுக்க இவைதான் முதல் தேர்வு. விலா எலும்பு பெரும்பாலும் ஏமாற்றும். எலும்பின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, கழுவி, உலர்த்தி, பொடியாக்கி, சுண்ணாம்புச் சத்தைக் கரைத்த பிறகே மரபணுவைப் பிரிப்பார்கள். ஈர எலும்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து மாதிரி கெடும். காகிதப் பைதான் சரி. தொட்ட ஊழியரின் மரபணுவே முடிவில் வந்து நிற்பதும் உண்டு. அதனால் ஊழியர்களின் மரபணு விவரத்தையும் எடுத்து வைத்து ஒப்பிடுவார்கள்.

மனைவியின் ரத்தம் போதாதா? – வாசகி, ஈரோடு

தனியாகப் போதாது, கணவனோடு ரத்த உறவில்லையே. பிள்ளைகளின் ரத்தத்தோடு சேர்ந்தால், அவர்களுக்குத் தாயிடமிருந்து வந்த பாதியைக் கழித்துவிட்டுத் தந்தையின் பாதியைப் பார்க்கலாம். காணாமல்போனோருக்கான சர்வதேச ஆணையம் 99.95 சதவீத உறுதி கேட்கிறது. ஒருவருக்கே பல உறவினர்களின் ரத்தத் துளிகளைச் சேகரித்தது அதனால்தான்.

பெரிய சிக்கல், திருமணமாகாத இரண்டு அண்ணன் தம்பிகள் சேர்ந்தே இறந்திருந்தால். பெற்றோரின் ரத்தம் இருவருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். எவர் எவர் என்று சொல்லாது. அங்கேதான் உடற்கூற்று நிபுணரின் வேலை: இடுப்பெலும்பிலும் பல்லிலும் வயது, தொடை எலும்பின் நீளத்தில் உயரம், பழைய முறிவின் தழும்பு. வயது நெருங்கியிருந்து, கிடைத்ததும் துண்டுகள் மட்டுமே என்றால் அதுவும் கை கொடுக்காது.