இலையான் பிடிக்கவா படிப்பித்தோம்?

"மகளுக்கு ஏ.எல். சோதனையில் மெடிசினுக்கு இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிப் புள்ளி) காணாது. சோதனையை மூன்றாந்தரம் எடு என்றால் மாட்டாளாம். பயோ சயன்ஸ் படித்து ஈயின் கருவை ஆராயப் போறாளாம். இலையான் பிடிக்கவா பிள்ளையைப் படிப்பித்தோம்?" என்று சாவகச்சேரியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

அம்மா, அது வீட்டில் மொய்க்கிற இலையான் இல்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்து மணக்கிறபோது குசினியில் பழக்கூடையைச் சுற்றி எள்ளளவில், சிவந்த கண்ணோடு பறக்குமே, அந்தப் பழ ஈ.

இங்கே கரு என்றால் குஞ்சுக் கரு இல்லை, கலத்தின் (செல்லின்) நடுவில் டி.என்.ஏ.யை வைத்திருக்கும் உருண்டை. அதைச் சுற்றியிருப்பது கருவுறை. கலம் பிரியத் தொடங்கும் முன்னவத்தையில் கருவுறை மறையும், பிரிந்து முடியும் ஈற்றவத்தையில் திரும்பத் தோன்றும் என்று ஏ.எல். பிள்ளைகள் பாடமாக்குவார்கள். எங்கே போய் மறைகிறது, எது திரும்பக் கட்டுகிறது என்பதுதான் உங்கள் மகளின் கேள்வி. உயிருள்ள கலத்துக்குள் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பது பெரும்பாடு. அதனால் கலத்தை உடைத்துச் சாறெடுத்து, அந்தச் சாற்றிலேயே கருவைக் கட்டுகிறார்கள். 1983இல் லொக்கா, மசுயி என்ற இரண்டு விஞ்ஞானிகள் தவளை முட்டைச் சாற்றில் செய்துகாட்டினார்கள். 1989இல் பழ ஈயின் முளையங்களின், அதாவது முட்டைக்குள் வளரும் இளம் ஈக்களின், சாற்றிலும் அது கைகூடியது.

இந்த ஈயின் முட்டையில் ஒரு வசதி உண்டு. இட்ட முதல் இரண்டு மணித்தியாலத்தில் கரு மட்டும் 13 தடவை பிரியும். இடையில் மென்சவ்வு எழும்பிக் கலங்களாகாது. அத்தனை கருவுக்கும் வேண்டிய சாமானைத் தாய் ஈ முன்கூட்டியே முட்டைக்குள் அடைத்து வைத்திருக்கும், கலியாண வீட்டில் முதல்நாளே அரிசி மூட்டை இறக்கி வைப்பதுபோல. அந்த முட்டைகளைச் சேர்த்து, ஐதான பிளீச்சில் மேலோட்டைக் கரைத்து, கழுவி, ஐஸில் வைத்து அரைத்து, மையநீக்கி என்ற வேகமாய்ச் சுழற்றும் மெசினில் சுற்றி எடுப்பதுதான் சாறு. அதில் தவளை விந்தின் டி.என்.ஏ. பொதியையும், கலத்துக்குச் சக்தி கொடுக்கும் ஏ.ரி.பி.யையும் விட்டால், பொதி இளகி விரியும், சின்னச் சின்ன மென்சவ்வுக் குமிழ்கள் வந்து ஒட்டி ஒன்றாகி உறையாகும். பிரிவுக்குரிய நொதியம் சேர்ந்தால் உறைக்கு உள்ளே தாங்கி நிற்கும் லாமின் என்ற புரதவலை, பொசுபேற்று என்ற இரசாயனக் கூறு ஏறிக் குலையும். இந்த லாமின் குடும்பத்தில் ஒன்று மனிதரில் பழுதானால் பிள்ளைகள் சிறுவயதிலேயே கிழடுதட்டும் நோய் வரும் என்பது 2003இல் தெரியவந்தது. ஆக, மெடிசினிலிருந்து அவள் அவ்வளவு தூரம் போய்விடவில்லை.

சரி, வேலை? ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்த ஆராய்ச்சியை மட்டும் வைத்து யாழ்ப்பாணத்தில் சம்பளம் எடுப்பது கஷ்டம். ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலையை மனதில் வைத்திருந்தால் அது வேறு பட்டம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், அதுவும் யாழ். பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆராய்ச்சிதான் என்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அதே பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்துக்குப் போய் நாலு வருட சிறப்புப் பட்டம் எடுக்கட்டும். மூன்று வருடத்தோடு நிற்கவேண்டாம். அப்புறம் வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்புக்கு எழுதலாம். அமெரிக்காவில் விஞ்ஞானக் கலாநிதி மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளிச் செலவுக்கும் காசு கொடுப்பது வழக்கம். காணியை ஈடுவைத்துக் கலாநிதிப் படிப்புக்கு அனுப்பச் சொல்லி எந்த ஏஜென்சி வந்தாலும் வாசலோடு திருப்பிவிடுங்கள். இசட் ஸ்கோரைவிட அவளுக்குத் தடையாக நிற்கப்போவது ஆங்கிலம்தான். அதை இப்போதே தொடங்கட்டும்.

இன்னொன்று. இந்த வேலையில் பாதி குளிரில் நிற்பதும் காத்திருப்பதும். சாறு கொஞ்சம் சூடேறினால் முழுநாள் உழைப்பும் வீண். மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு கண்ணாடிப் போத்தலில் கனிந்த கதலிப்பழத்தைப் போட்டு, பழ ஈ வந்து முட்டையிட்டதும் வாயைத் துணியால் கட்டிவைக்கச் சொல்லுங்கள். பத்து நாளளவில் புது ஈ பறக்கும். ஒவ்வொரு நாளும் பார்த்ததைக் கொப்பியில் நேரம் போட்டு எழுதட்டும். பத்தாம் நாள் அந்தக் கொப்பியோடு என்னிடம் கூட்டிவாருங்கள். மார்க்ஸ் ஷீட் வேண்டாம்.