பிளக் கறுத்தால் போர் போச்சா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் மீன் வியாபாரம் செய்கிறேன். வண்டி 2018இல் வாங்கிய டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. மூன்று மாதத்தில் இரண்டு ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டேன், இரண்டும் கறுத்துப்போனது. ‘போர் போயிருச்சு, என்ஜினை இறக்கணும், எட்டாயிரம் ஆகும்’ என்று மெக்கானிக் கடையில் சொல்கிறார்கள். இறக்கலாமா?

பதில்: இறக்காதீங்க. போர் என்பது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர் துளை; அது தேய்ந்தால் ஆயில் மேலேறிப் பிளக்கை நனைக்கும். உங்கள் பிளக்கில் இருப்பது எந்தக் கறுப்பு என்று முதலில் பாருங்க.

பிளக் நுனியை விரலால் தேயுங்க. அடுப்புக்கரி மாதிரி உலர்ந்து ஒட்டினால், பெட்ரோல் அதிகமாகி எரியாமல் படிந்த கரி. ஈரமாக இருந்தால் ஒரு தாளில் ஒற்றி வெயிலில் வையுங்க. பெட்ரோல் என்றால் காய்ந்து மறைந்துவிடும். ஆயில் என்றால் வடை மடித்த காகிதம் மாதிரி கறை நிற்கும். அந்தக் கறை இல்லாமல் போரைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. கறை நின்றாலும் ஆயில் மட்டம் குறைகிறதா, நீலப்புகை வருகிறதா என்று பார்க்கணும். வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கிற சீல் போயிருந்தாலும் இதே கூத்துதான்.

உங்களுடையது உலர்ந்த கரியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பிளக் தன் மேல் படியும் கரியைத் தானே எரிக்க ஏறத்தாழ 450 டிகிரி சூடு வேண்டும். விடியற்காலையில் பெட்ரோலைக் கூட்டித் தருகிற சோக்கைப் போட்டுக் கிளப்பி, ஏலம் நடக்கிற இடம் வரை போய், அங்கே உறுமவிட்டு நிறுத்தினால் அந்தச் சூடு எங்கே ஏறும்? கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பறக்கிற மணல் ஏர் ஃபில்டரை வேறு அடைக்கும், காற்று குறைந்து பெட்ரோல் கூடும். ஃபில்டரையும், சோக் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதையும் பாருங்க. பிளக் கேப்பைக் கழற்றினால் உள்ளே உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கலாம். அங்கே கரண்ட் கசிந்தாலும் பிளக் கறுக்கும்.

பிறகு பத்து நிமிடம் நன்றாக ஓட்டி, ஐடிலில் விடாமல் சட்டென்று அணைச்சு, ஆறியதும் கழற்றுங்க. வறுத்த கடலைத் தொலி நிறம் இருந்தால் என்ஜின் சுகம். வெள்ளை வெளேரென்றால் அது வேற வியாதி, ஓட்டாமல் காட்டிவிடுங்க.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லணும். இந்தத் தாள் சோதனை உங்கள் எக்ஸ்எல் 100 மாதிரி, ஆயில் பெட்ரோலோடு சேராமல் தனியாக இருக்கிற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குத்தான். பக்கத்து வீட்டில் பழைய எக்ஸ்எல் சூப்பர் நின்றால் அதில் செய்து பார்த்துப் பயமுறுத்தாதீங்க. அது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்துதான் எரியும், பிளக்கில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருப்பது அதன் இயல்பு. வள்ளத்தில் மாட்டுகிற டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டும் அப்படித்தான். அந்தப் பிளக்கைக் காட்டியே பிஸ்டன் ரிங் விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விற்பவர்கள் கதை தனி. கடையில் வேலை தெரிந்தவர் ஒருவர், வண்டி பிடித்துத் தருகிறவர் ஒருவர். என்ஜின் இறங்கினால், போர் கடைகிற லேத் பட்டறையிலிருந்து இரண்டாமவருக்குக் கமிஷன். ‘இரிடியம் பிளக் போட்டால் சரியாயிரும்’ என்பதும் அவர்தான். பெட்ரோல் கூடுகிற வண்டியில் இரிடியமும் கறுக்கும். பழைய பிளக்கைத் தேய்த்து மெருகேற்றிப் புது டப்பாவில் தருவதும் உண்டு. மரையில் கீறலும் வாஷர் நசுங்கலும் இருந்தால் திருப்பிக் கொடுங்க. பில் கேளுங்க, முகம் கோணும், கோணட்டும்.

புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு அளவு அச்சாகியிருக்கும். பெட்ரோல் கூடினால் அந்த எண் ஏறும், உங்கள் கேள்விக்கு அதிலேயே பாதிப் பதில் கிடைத்திருக்கணும். ஆனால் சைலன்சருக்குள் சோதனைக் குழாயை விடாமலே சான்றிதழ் தருகிற இடங்கள் இருக்கும்போது அந்த எண்ணை எவன் நம்புவான்? குழாயை விடச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்க.

புதுப் பிளக்கை முதலில் கையாலேயே கடைசி வரை திருகுங்க, அப்புறம் ஸ்பேனரில் அரைச் சுற்று போதும். முக்கி இறுக்கினால் ஹெட்டில் மரை போகும், அது தனிச் செலவு. இதெல்லாம் செய்து, அடுத்த மாதம் கழற்றும்போது தாளில் ஆயில் கறை நின்றால் எழுதுங்க. இறக்குவதைப் பற்றி அப்போது பேசலாம்.